விற்கவும் மாட்டார், விடவும் மாட்டார்



சரக்கைப் பதுக்கி விலையேற்றும் வணிகரை நாம் அறிவோம். அவரை மார்க்கம் எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறது என்பதையும் அறிவோம். ஆனால் கடையையே இழுத்து மூடிவிட்டுச் சரக்கைக் கிடங்கில் போட்டுப் பூட்டி வைத்துக்கொண்டு, என்றோ தம்மிடம் காசு கொடுத்து வாங்கிச் சென்ற ஒருவர் அதனை அண்டை வீட்டாருடன் பகிர்ந்தால் மட்டும் ஓடிவந்து "திருட்டு" என்று கூச்சலிடும் வணிகரை என்னவென்று அழைப்பது? பழைய பாடல்களின் உரிமையைக் கையில் வைத்திருக்கும் இசை நிறுவனங்கள் பல இன்று அப்படித்தான் நடந்துகொள்கின்றன. விலைக்குக் கேட்டால் பாடல் இல்லை. விலையின்றிப் பகிர்ந்தால் தண்டனை உண்டு. இந்த அநீதியைக் குறித்தும், அதற்குத் துணைபோகும் நம் சமுதாயத்தின் அலட்சியத்தைக் குறித்தும் எழுதவே இக்கட்டுரை.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். இசைக் கருவிகள் ஆகுமா, ஆகாதா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்த விவாதத்தைத் தீர்த்துவைக்கும் தகுதி எனக்கு இல்லை. இங்கு அது தேவையும் இல்லை. நான் பேசுவது நம் வீடுகளில் இரண்டு மூன்று தலைமுறைகளாக ஒலித்துவந்த இஸ்லாமியத் தமிழ்ப் பாடல்கள், முனாஜாத்துகள், கிஸ்ஸாக்கள், திருமண வாழ்த்துகள், மறைந்த ஆலிம்களின் பயான்கள் ஆகியவற்றைப் பற்றி. அவற்றைக் கேட்க விரும்பாதவரும், அவை நம் வரலாற்றின் ஒரு பகுதி என்பதை மறுக்க மாட்டார்.

தொலைபேசி செய்யும் ஊரில்

நான் வாழ்வது ஸ்ரீபெரும்புதூரில். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சுங்குவார்சத்திரம் வரையிலும், தெற்கே வல்லம், ஒரகடம் வரையிலும் விரிந்து கிடக்கும் இத்தொழிற்பகுதியில் கார்களும் லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் தயாராகின்றன. 2006-இல் தொடங்கி 2014-இல் மூடப்பட்ட நோக்கியா ஆலை இங்கேதான் இருந்தது. இன்று உலகெங்கும் விற்பனையாகும் ஐபோன்கள் பாக்ஸ்கான் ஆலையில் இங்கே கோக்கப்படுகின்றன. பாடலைக் கேட்கும் கருவியை உலகுக்குச் செய்து தரும் ஊர் இது.

இங்கே வேலை தேடி வந்த நம் இளைஞர்கள் கடற்கரையோர ஊர்களிலிருந்தும் டெல்டாவிலிருந்தும் வட ஆற்காட்டுப் பகுதியிலிருந்தும் வந்தவர்கள். ஓர் அறைக்கு நால்வர், ஐவர் எனத் தங்கி, மூன்று ஷிஃப்டுகளில் உழைக்கின்றனர். ஊரில் ரமலான் இரவுகளில் ஸஹர் நேரத்துக்குப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் நாகூர் ஈ.எம். ஹனீபாவின் குரல் எழும். வீட்டில் விளக்கு எரியும். உம்மா அடுப்பைப் பற்றவைப்பார். இங்கே, இரவு ஷிஃப்ட் முடிந்து வந்தவன் அந்தக் குரலைத் தன் கைப்பேசியில்தான் தேடுகிறான். ஹனீபாவின் புகழ்பெற்ற பாடல்கள் எங்கும் கிடைக்கின்றன. அவன் தேடுவதோ ஊரில் வாப்பா விரும்பிக் கேட்ட பாடல், அக்காவின் நிக்காஹ் அன்று பந்தலில் ஒலித்த பாடல். நாகூர் புலவர் ஆபிதீன் போன்றோர் எழுதியவை, காயல் ஷேக் முகம்மது போன்றோர் பாடியவை, பெயர் மறந்துபோன உள்ளூர்ப் பாடகர்கள் ஒரே ஒரு கேசட்டில் பாடி முடித்துக்கொண்டவை என அவை பலவகை. அவை எந்தக் கடையிலும் இல்லை. எந்தச் செயலியிலும் இல்லை. யாரோ ஒருவர் தம் வீட்டுப் பரணிலிருந்து எடுத்துப் பதிவேற்றியிருந்தால்தான் உண்டு.

அத்தகைய ஒருவரை நான் அறிவேன். ஒரகடத்தில் வாகன உதிரிபாக ஆலை ஒன்றில் பணிபுரியும் இளைஞர். வாப்பா மௌத்தான பின் வீட்டு டிரங்குப் பெட்டியில் எழுபதுக்கும் மேற்பட்ட கேசட்டுகள் கிடந்தன. சிலவற்றில் பூஞ்சை ஏறியிருந்தது. சிலவற்றில் நாடா அறுந்திருந்தது. பழைய டேப் ரிக்கார்டர் ஒன்றைத் தேடி வாங்கி, நாடாவை ஒட்டி, துடைத்து, விடுமுறை நாள்களிலெல்லாம் அமர்ந்து ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றினார். பாடியவர், எழுதியவர், கேசட் உறையில் இருந்த ஆண்டு அனைத்தையும் குறித்து யூடியூபில் பதிவேற்றினார். விளம்பரம் எதையும் அனுமதிக்கவில்லை. ஒரு காசும் ஈட்டவில்லை. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஒரு வாரத்தில் அடுத்தடுத்து மூன்று ஸ்ட்ரைக்குகள் வந்தன. சேனல் முழுவதும் நீக்கப்பட்டது. உரிமை கோரிய நிறுவனத்துக்கு அவர் எழுதிய கடிதத்தை நான் படித்திருக்கிறேன். மன்னிப்பும் கேட்கவில்லை, வாதிடவும் இல்லை, ஒரே ஒரு வினா: "இப்பாடல்களை எங்கே விலைக்கு வாங்கலாம்? பணம் அனுப்புகிறேன்." இன்றுவரை பதில் இல்லை.

அச்சேனலோடு சேர்ந்து அழிந்தவற்றுள் அவருடைய வாப்பும்மா பாடிய தாலாட்டு ஒன்றும், ஊர்ப் பெரிய ஆலிம் ஒருவரின் பயானும் இருந்தன. அவற்றுக்கு எந்த நிறுவனமும் உரிமை கோரவில்லை, கோரவும் முடியாது. ஆயினும் சேனல் போனபோது அவையும் போயின.

தண்டனையின் இயக்கம்

இது எவ்வாறு நிகழ்கிறது என்பதை நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் நலம். யூடியூப் 2007 முதல் ஒலி அடையாளம் காணும் ஒரு பொறியமைப்பை வைத்திருக்கிறது. நிறுவனங்கள் தம் ஒலிப்பதிவுகளின் மாதிரியை அதில் சேர்த்துவிட்டால், அதே ஒலி எங்கே பதிவேறினாலும் அது கண்டுபிடித்துவிடும். அப்பதிவை முடக்கலாம், அல்லது அதில் விளம்பரம் ஓடவிட்டு வருவாயைத் தாமே எடுத்துக்கொள்ளலாம். இதற்கு அப்பால், உரிமையாளர் முறைப்படி புகார் அளித்தால் பதிவு நீக்கப்பட்டு ஒரு ஸ்ட்ரைக் விழும். 90 நாள்களுக்குள் மூன்று விழுந்தால் சேனலே போய்விடும். நம் தொழிற்பகுதியில் ஸ்ட்ரைக் என்பது தொழிலாளியின் கடைசி ஆயுதம். அங்கோ அது முதலாளியின் முதல் ஆயுதம்.

இவ்வச்சம் இன்று தோன்றியதன்று. கையடக்கக் கைப்பேசிகள் பெருகிய காலத்தில், இப்பகுதிக் கடைத்தெருக்களில் மெமரி கார்டில் பாடல் ஏற்றிக் கொடுக்கும் கடைகள் இருந்ததைப் பலர் நினைவுகூர்வர். தமிழகத்தின் பல ஊர்களில் அத்தகைய கடைகளில் காவல்துறை சோதனை நடத்தியதும், கடைக்காரர்கள் கைதானதும் செய்திகளாக வந்தன. 2004-இல் தமிழ்நாட்டின் குண்டர் தடுப்புச் சட்டத்தில் 'வீடியோ திருடர்' என்னும் வகை சேர்க்கப்பட்டது. திரைப்படத்தையும் அதன் பாடலையும் திருட்டுத்தனமாகப் படியெடுப்போரை விசாரணையின்றி ஓராண்டு வரை சிறைவைக்க அது வழிசெய்தது. புதுப்படத்தைத் திருடி விற்பவர்மீது சட்டம் பாய்வதில் எனக்கு மறுப்பில்லை. அது ஒருவருடைய இன்றைய உழைப்பை இன்றே கொள்ளையடிப்பது. ஆனால் புதுப்படத் திருடருக்கும், எவரும் விற்காத நாற்பதாண்டுப் பழைய கேசட்டைக் காப்பாற்றுபவருக்கும் ஒரே பெயர் சூட்டுவதைத்தான் எதிர்க்கிறேன்.

சட்டமே இவ்விருவரையும் ஒன்றாகப் பார்க்கவில்லை என்பது கவனத்துக்குரியது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 63-இல் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் முதல் 2 இலட்சம் வரை அபராதமும் விதிக்கிறது. ஆயின் வணிக ஆதாயம் கருதாமல் செய்யப்பட்ட மீறலுக்கு நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம் என்றும் அதே பிரிவு கூறுகிறது. நாடாளுமன்றம் கண்ட வேறுபாட்டைப் பொறியமைப்பு காண்பதில்லை.

அறுபது ஆண்டுப் பூட்டு

நம் நாட்டில் ஓர் ஒலிப்பதிவின் பதிப்புரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். அதாவது 1964-இலும் அதற்கு முன்பும் வெளியான இசைத்தட்டுகளின் ஒலிப்பதிவு உரிமை 2025 தொடங்கும்போது முடிந்துவிட்டது. ஆனால் பாடல் வரிக்கும் மெட்டுக்கும் தனி உரிமை உண்டு. அது ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை தொடரும். ஆகவே இசைத்தட்டு விடுதலை பெற்றாலும் பாடல் விடுதலை பெறாமல் இருக்கலாம்.

கேசட் காலத்தை எடுத்துக்கொள்வோம். 1985-இல் வெளியான ஒரு கேசட்டின் ஒலிப்பதிவு உரிமை 2045 முடியும் வரை பூட்டப்பட்டிருக்கும். காந்த நாடா அதுவரை உயிரோடிருக்குமா? நம் கடற்கரை ஊர்களின் உப்புக் காற்றிலும் ஈரத்திலும் நாடா எப்படிப் பிசுபிசுத்து உதிர்கிறது என்பதை டிரங்குப் பெட்டியைத் திறந்தவர் அறிவார். பூட்டு திறக்கும் நாளில் உள்ளே பொருள் இராது. பூதம் காத்த புதையலாவது தோண்டினால் கிடைக்கும் என்பார்கள். இது அதுவும் இல்லை.

மூல நாடா நிறுவனத்தின் காப்பகத்தில் பத்திரமாக இருக்கும் என்று நம்புவோர் உண்டு. பெரிய நிறுவனங்கள் சில தம் பழைய களஞ்சியத்தைப் போற்றி வருகின்றன என்பது உண்மை. 1902-இல் கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பதிவு செய்ததிலிருந்து தொடரும் கிராமபோன் கம்பெனியின் இன்றைய வாரிசான சரிகம, 2017-இல் பழம்பாடல்களை அடக்கிய 'காரவான்' கருவியை வெளியிட்டு நன்றாகவே விற்றது. பழைய பாடலுக்குச் சந்தை உண்டு என்பதற்கு அதுவே சான்று. ஆனால் ஆயிரங்களில் விற்கும் திரைப்பாடலுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, சில நூறு பேர் மட்டுமே தேடும் முனாஜாத்துக்குக் கிடைக்குமா? எத்தனையோ சிறு கேசட் நிறுவனங்கள் மூடிப்போயின. உரிமை கைமாறிக் கைமாறிச் சென்றது. வாங்கியவர்களில் எத்தனை பேர் பெட்டியைத் திறந்து பார்த்திருப்பர்?

அவர்கள் சொல்லும் நியாயங்கள்

நிறுவனங்களின் தரப்பில் மூன்று வாதங்கள் சொல்லப்படுகின்றன. அவற்றை ஒதுக்கித் தள்ளாமல் நேர்மையாக எடைபோடுவோம்.

முதலாவது: "பிறர் பொருளை அனுமதியின்றி எடுப்பது திருட்டு, உங்கள் மார்க்கமும் அதைத்தானே சொல்கிறது?" ஆம், சொல்கிறது. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, நூலாசிரியர் உரிமையும் கண்டுபிடிப்பாளர் உரிமையும் மார்க்கச் சட்டப்படி பாதுகாக்கப்பட வேண்டியவை என்றே தீர்மானித்தது. நான் அதை முழுமையாக ஏற்கிறேன். விற்பனையில் உள்ள பாடலைக் காசு கொடாமல் இறக்கிக்கொள்ளும் முஸ்லிம், தன் தொழுகைக்கும் தன் கைப்பேசிக்கும் இடையே ஒரு திரையைத் தொங்கவிட்டிருக்கிறான். அதை நியாயப்படுத்த எனக்கு நாவில்லை. ஆனால் உரிமை உண்டு என்பதாலேயே அதை எப்படியும் பயன்படுத்தலாம் என்று ஆகாது. தானியம் வணிகரின் சொந்தப் பொருள்தான். ஆயினும் மக்கள் தவிக்கும்போது அதைப் பதுக்குவதை மார்க்கம் பாவம் என்றது. பாட்டு தானியமில்லை என்பதை அறிவேன். பட்டினியால் எவரும் சாகப்போவதில்லை. ஆனால் தானியத்தைப் பதுக்குபவருக்காவது விலையேறும் என்ற ஆசை உண்டு. இவர்களுக்கு அதுவும் இல்லை.

இரண்டாவது: "படைப்பாளியின் வயிற்றில் அடிக்காதீர்கள்." இது கேட்க இனிமையானது. 2012-இல் நாடாளுமன்றம் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் பாடலின் வருவாயில் பங்கு உண்டு என்று உறுதிசெய்தது, நல்ல சட்டம். ஆனால் விற்கப்படாத பாடலின் வருவாய் எவ்வளவு? சுழியத்தில் பாதி சுழியமே. மறைந்த புலவரின் பேரப்பிள்ளைகளுக்கு நிறுவனத்தின் பூட்டிலிருந்து ஒரு காசும் வரவில்லை. மாறாக, அப்பாடலை மக்கள் மறந்தால், நாளை எவரேனும் மறுபதிப்புச் செய்து அவர்களுக்குப் பங்கு தரும் வாய்ப்பும் மறைகிறது. படைப்பாளியின் பெயரால் பேசுகிறவர்கள், அவர் பெயரையே மறக்கடிக்கிறார்கள்.

மூன்றாவது: "இன்று இல்லாவிட்டாலும் நாளை வெளியிடுவோம்." எந்த நாளை? கணக்குக் கேட்க எவரும் இல்லாத வாக்குறுதி அது. ஒரகடத்துத் தோழர்களுக்கு விளங்கும்படி சொல்கிறேன். ஒரு மாடல் வண்டியின் தயாரிப்பு நின்றுபோய், அதன் உதிரிபாகம் எங்கும் கிடைக்கவில்லை என்றால், பட்டறைக்காரர் அந்தப் பாகத்தை லேத்தில் கடைந்து மாட்டிக்கொடுக்கிறார். வண்டி ஓடுகிறது. அவரைத் திருடர் என்று எவரும் சொல்வதில்லை. கைகாரர் என்று புகழ்கிறோம். பழைய கேசட்டை ஒட்டித் துடைத்து ஓடவைத்தவரும் அதே வேலையைத்தான் செய்தார்.

பயிரிடு, இல்லையேல் விட்டுவிடு

நம் ஃபிக்ஹு நூல்களில் தரிசு நிலத்தை உயிர்ப்பித்தல் என்று ஒரு பாடம் உண்டு. எவருக்கும் சொந்தமில்லாத தரிசை உழுது பயிரிட்டவருக்கு அது உரியதாகும். வெறுமனே நான்கு கல்லை நட்டு வேலியிட்டவருக்கு முன்னுரிமை மட்டுமே உண்டு. அவர் மூன்று ஆண்டுகள் பயிரிடாமல் போட்டுவைத்தால், ஆட்சியாளர் அதை எடுத்துப் பயிரிடுபவருக்குக் கொடுக்கலாம் என்கின்றன ஹனஃபி மத்ஹபின் நூல்கள். வேலியிட்டவர் நெடுங்காலம் தாமதித்தால், பயிரிடும்படி அல்லது விட்டுவிடும்படி ஆட்சியாளர் அவருக்கு ஆணையிட வேண்டும் என்கின்றன ஷாஃபிஈ மத்ஹபின் நூல்கள்.

"அது எவருக்கும் சொந்தமில்லாத நிலம், பாடலோ நிறுவனம் பணம் போட்டு உருவாக்கியது" என்று மறுப்பு எழும். சரியான மறுப்பு. எனவே இன்னும் நெருக்கமான சான்றைக் காண்போம். பிலால் பின் ஹாரிஸ் அல்முஸனீ (ரலி) அவர்களுக்கு அகீக் பள்ளத்தாக்கை நபி (ஸல்) அவர்களே மானியமாக வழங்கியிருந்தார்கள். உமர் (ரலி) அவர்கள் கலீஃபாவானபோது, அதில் பெரும்பகுதி பயிரிடப்படாமல் கிடப்பதைக் கண்டார்கள். மக்களைத் தடுத்து வைப்பதற்காக அது வழங்கப்படவில்லை, உழைத்துப் பயன்கொள்வதற்காகவே வழங்கப்பட்டது என்று கூறி, அவரால் பயிரிட இயன்ற அளவை அவருக்கே விட்டுவிட்டு எஞ்சியதை மக்களுக்குப் பிரித்தளித்தார்கள். நபி (ஸல்) அவர்களின் கையால் கிடைத்த மானியத்துக்கே இந்த நிபந்தனை என்றால், நாடாளுமன்றம் 60 ஆண்டுகளுக்கு எழுதிக்கொடுத்த மானியத்துக்கு நிபந்தனை இல்லாமல் போகுமா? பதிப்புரிமையும் ஒரு மானியமே. பாடல்கள் மக்களைச் சென்றடைய வேண்டும் என்பதற்காகச் சமுதாயம் ஒருவருக்கு அளித்த காலவரையறுத்த சலுகை அது.

நான் ஃபத்வா வழங்கவில்லை; அது ஆலிம்களின் பணி. ஓர் ஒப்புமையை முன்வைத்து, இதைச் சிந்தியுங்கள் என்று அவர்களிடமே வேண்டுகிறேன்.

இந்நெறி நடைமுறைக்கு ஒவ்வாத கனவு என்று எண்ண வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியம் 2011-இல் ஒலிப்பதிவு உரிமையை 50 ஆண்டுகளிலிருந்து 70 ஆக நீட்டியபோது கூடவே ஒரு நிபந்தனையையும் வைத்தது. 50 ஆண்டுகள் கடந்த பின்னும் நிறுவனம் அப்பதிவைப் போதிய அளவில் விற்பனைக்கு வைக்காவிட்டால், பாடியவர் அறிவிப்புக் கொடுக்கலாம். ஓராண்டுக்குள் வெளியிடாவிட்டால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் 2018-இல் வந்த சட்டம், 1972-க்கு முற்பட்ட ஒலிப்பதிவு விற்பனையில் இல்லையென்றால், நன்றாகத் தேடிப் பார்த்து, பதிப்புரிமை அலுவலகத்தில் அறிவிப்பைப் பதிவு செய்து, 90 நாள்களுக்குள் உரிமையாளர் மறுக்காவிட்டால், ஆதாய நோக்கமின்றி அதைப் பயன்படுத்த இடமளிக்கிறது. முதலாளித்துவத்தின் தலைமைப் பீடத்திலேயே 'விற்று எடு, இல்லையேல் வழிவிடு' என்னும் நெறி சட்டமாகியிருக்கிறது.

அதே அமெரிக்காவில் 2023 ஆகஸ்டில் பெரும் இசை நிறுவனங்கள் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் இணைய நூலகத்தின்மீது வழக்குத் தொடர்ந்ததையும் மறைக்கவில்லை. பழைய 78 சுழற்சி இசைத்தட்டுகளைப் பதிவேற்றியது குற்றம் என்றன. தொடக்கத்தில் 2,749 பதிவுகளைக் குறிப்பிட்டு, பதிவொன்றுக்கு 1,50,000 டாலர் வரை இழப்பீடு கோரின. 2025 செப்டம்பரில் வழக்குச் சமரசமாயிற்று. தாம் குறிப்பிட்ட பாடல்கள் விற்பனையில் உள்ளவையே என்பது நிறுவனங்களின் வாதம்; அதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் அத்தொகை நிலைத்திருந்தால், வேறெங்கும் கிடைக்காத இலட்சக்கணக்கான பதிவுகளைத் தாங்கிய நூலகமே சாய்ந்திருக்கும். சில பாடல்களுக்கான வழக்கு எல்லாப் பாடல்களுக்கும் புதைகுழியாகும் ஆபத்து அதுவே. ஒரகடத்து இளைஞரின் சேனலோடு வாப்பும்மாவின் தாலாட்டு போனது அதன் சிறு வடிவம்.

படியெடுத்துக் காத்த மரபு

நம் இலக்கியம் நம் கைக்கு வந்தது எவ்வாறு? உமறுப் புலவரின் சீறாப்புராணம் ஓலையிலிருந்து ஓலைக்குப் படியெடுக்கப்பட்டு வாழ்ந்தது. 1842-இல் செய்கப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் அதை அச்சேற்றும் வரை அதைக் காத்தவர்கள் பெயர் தெரியாத படியெடுப்போரே. ஒரே படியாக இருந்த எதுவும் நிலைப்பதில்லை. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, வேறு படியில்லாத சுவடிகளும் நூல்களும் ஒரே இரவில் சாம்பலாயின. படிகள் பல இருந்தவை மட்டுமே பிழைத்தன.

நாம் வாழும் இம்மண்ணின் நினைவிலும் இதற்கு ஓர் உவமை உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்தவராக நம் வைணவச் சகோதரர்கள் போற்றும் இராமானுசர், தமக்கு மறைவாக உபதேசிக்கப்பட்ட மந்திரத்தைத் திருக்கோட்டியூர் கோபுரத்தின்மீது ஏறி எல்லோரும் கேட்க அறிவித்தார் என்பது அவர்களின் மரபு. நம் நம்பிக்கை வேறு. ஆயினும் நல்லதென்று அறிந்ததைப் பூட்டிவைக்க மனம் ஒப்பாத அந்தப் பண்பு, கற்ற அறிவை மறைப்பதைக் கண்டிக்கும் நமக்கு அந்நியமானதன்று.

நம் பங்குக் குற்றம்

நிறுவனங்களைச் சாடிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. நிக்காஹ் பந்தலுக்கும் பிரியாணிக்கும் இலட்சங்களைச் செலவிடும் நம் செல்வந்தர்களில் எத்தனை பேர் ஒரு பாடலாசிரியரின் வாரிசைத் தேடிச்சென்று உரிமையை விலைக்கு வாங்கி மக்களுக்கு வக்ஃபாக எழுதிவைத்தனர்? வக்ஃப் என்னும் அழகிய ஏற்பாடு நிலத்துக்கும் கட்டடத்துக்கும் மட்டுமா? எத்தனை ஜமாஅத்துகளிடம் தம் ஊர்ப் பாடகரின், தம் ஊர் ஆலிமின் ஒலிப்பதிவு இருக்கிறது? வீடு மாறும்போது கேசட் பெட்டியைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டவர்கள் வேறு யாருமில்லை, நம் வீட்டார்தாம்.

செய்யக்கூடியவை உண்டு, சட்டத்துக்கு உட்பட்டே உண்டு. 2012 திருத்தத்துக்குப் பின், வணிக நோக்கமற்ற பொது நூலகம் ஒன்று தன்னிடம் மூலப் படி இருக்குமாயின், பாதுகாப்புக்காக அதை மின்வடிவில் சேமித்துக்கொள்ளலாம் எனப் பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 52 அனுமதிக்கிறது. அச்சட்டத்தில் ஒலிப்பதிவும் ஒரு படைப்பே. ஆகவே ஒவ்வொரு மஹல்லாவும் முறையாக ஒரு பொது நூலகம் நடத்தி, வீடுகளிலுள்ள கேசட்டுகளையும் இசைத்தட்டுகளையும் அதற்கு அன்பளிப்பாகப் பெற்று மின்வடிவில் காக்கலாம். இணையத்தில் பரப்புவதற்கு இவ்வனுமதி போதாது. ஆனால் அழிவிலிருந்து காப்பதற்குப் போதும். செய்து காட்டியவர்கள் உண்டு. மும்பையைச் சார்ந்த இசைத்தட்டுச் சேகரிப்பாளர்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு பழைய ஓடியன் இசைத்தட்டுகளை மின்வடிவாக்கியுள்ளனர். கோட்டையூர் ரோஜா முத்தையா என்னும் தனிமனிதரின் சேகரிப்பு இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாகத் திகழ்கிறது. நமக்கு ஆளும் பொருளும் இல்லாமலில்லை, அக்கறைதான் இல்லை.

பகிர்கின்ற இளைஞர்களுக்கும் ஒரு சொல். விற்பனையில் உள்ளதைப் பதிவேற்றாதீர்கள். விளம்பர வருவாய் எடுக்காதீர்கள். எடுத்த கணத்தில் உங்கள் வாதம் தோற்கிறது. எழுதியவர், பாடியவர் பெயரை விடாமல் குறியுங்கள். வாரிசு தெரிந்தால் முதலில் அவரிடம் அனுமதி கேளுங்கள். உங்கள் ஒரே படியை ஒரு தளத்தை நம்பி ஒப்படைக்காதீர்கள். வீட்டிலொன்று, உறவினரிடம் ஒன்று, நூலகத்தில் ஒன்று என வையுங்கள்.

நிறுவனங்களிடம் நாம் கேட்பது இலவசம் அன்று. உங்களிடம் உள்ள இஸ்லாமியத் தமிழ்ப் பாடல்களின் பட்டியலை வெளியிடுங்கள். விற்க இயன்றதை விலை குறித்து விற்பனைக்கு வையுங்கள், நாங்கள் வாங்குகிறோம். விற்க மனமில்லாததை ஆதாயமின்றிப் பகிர்வோர்மீது ஸ்ட்ரைக் வீசும் முன் ஒரு கடிதமாவது எழுதுங்கள். பாடலை வெளியிட மறுத்து மக்களிடமிருந்து விலக்கி வைத்தால் கட்டாய உரிமம் கோரும் வழி பிரிவு 31-இல் இருக்கிறது. உரிமையாளரைக் கண்டுபிடிக்க இயலாவிட்டால் அதற்கும் 31-அ பிரிவு இருக்கிறது. ஆனால் ஷிஃப்ட் தொழிலாளி ஒருவர் ஒரு பாட்டுக்காக வழக்கறிஞர் வைத்து நீதிமன்றப் படியேற முடியுமா? ஆகவே நம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்போம்: இத்தனை ஆண்டுகள் விற்பனைக்கு வராத ஒலிப்பதிவை, அறிவிப்புக் கொடுத்து, ஆதாயமின்றிப் பகிரலாம் என்று எளிய வழியொன்றைச் சட்டத்தில் எழுதுங்கள்.

அமானிதம் என்பது பூட்டி வைப்பதன்று, உரியவரிடம் சேர்ப்பது. நம் முன்னோர் பாடியவை நம் பிள்ளைகளுக்கு உரியவை. அவற்றை அவர்களிடம் சேர்க்கும் பொறுப்பை நிறைவேற்ற வல்ல ரஹ்மான் நமக்குத் துணைபுரிவானாக. ஆமீன்.